கூட யாரும் இல்லை

மூலக்குளம்,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள செல்விக்கு,

கடற்கரையில் பழைய துறைமுகப் பாலம் இடிந்து தண்ணீரில் விழுந்ததே, அந்த மாசியில்தான் நீ நர்சிங் காலேஜுக்குப் போக ஆரம்பித்தாய். கொரோனாவால் எல்லாம் தள்ளித் தள்ளிப் போய், காலேஜ் சீட் ஒதுக்கும் சென்டாக் லிஸ்டில் உன் பேர் வந்தபோது தை பிறந்துவிட்டது. எதிர்வீட்டில் அந்த வாரம்தான் மாடிவீடு கட்டக் கடைக்கால் தோண்டினார்கள். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் எது எப்போது நடந்தது என்பது மறக்காது. மறந்தால் நல்லது என்று நினைத்ததுகூட மறப்பதில்லை.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது பக்கத்து வீட்டு மார்கரீத் டீச்சர். வாரம் தவறாமல் நீ தில்லியிலிருந்து போன் செய்கிறாய். "ஐயா, மாத்திரை போட்டீங்களா? தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்கிறாய். நான் பதில் சொல்லி முடித்ததும், போனை அப்பாவிடம் கொடுக்கச் சொல்லிவிடுகிறாய். நான் பேச நினைத்தது அதற்குள் அடங்கவில்லை. அதனால்தான் கடிதம். டீச்சருக்கும் எல்லாம் தெரிந்துபோகுமே என்று பத்து நாள் தள்ளிப் போட்டேன். தெரிந்தால் தெரியட்டும் என்று நேற்றுதான் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். நான் சொல்வதை அழகுபடுத்தாமல் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். வார்த்தையை மட்டும் ஒழுங்காகப் போடுகிறேன் என்று சொன்னார்.

இங்கே எல்லாரும் சுகம். உன் அப்பா எழிலரசனுக்கு முழங்கால் வலி குறையவில்லை. கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி வேலை. நீ எழுதிக் கொடுத்த களிம்பைத் தேய்க்கிறான். உன் அம்மா தினமும் தில்லி வெயில் எவ்வளவு என்று போனில் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறாள். நீ ஹாஸ்டலில் சப்பாத்தி தின்று இளைத்துவிட்டாய் என்று அவளுக்குக் கவலை. எனக்குச் சிறுநீர் நன்றாகப் போகிறது. இதை எழுதும்போது டீச்சர் சிரிக்கிறார். நர்சுக்கு எழுதும் கடிதத்தில் இதைச் சொல்லாமல் எப்படி?

நீ சேர்ந்த நாளில் நான் பேசியது உனக்கு நினைவிருக்கும். டாக்டர் சீட் கிடைக்கும் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். கிடைத்தது நர்சிங். "நாலு வருஷம் படிச்சிட்டு ஊரான் மூத்திரத்தப் புடிக்கப் போறியா?" என்று கேட்டேன். நீ பையில் சர்டிபிகேட்டை அடுக்கிக்கொண்டே, "அது நின்னுபோனா என்ன ஆவும்னு உனக்குத் தெரியாது தாத்தா" என்றாய். அப்போதெல்லாம் என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவாய். உன் அம்மா அதட்டினாலும் கேட்கமாட்டாய்.

முதல் வருஷம் மெழுகுவத்தி ஏற்றி உறுதிமொழி சொல்லும் விழாவுக்குக் கூப்பிட்டாய். கால் வலி என்று படுத்துக்கொண்டேன். கால் வலிக்கவில்லை. நீ தலையணைக்குக் கட்டுப் போட்டுப் பழகியதையும், உன் அம்மாவைப் படுக்கவைத்து ஆள் அசையாமல் போர்வை மாற்றியதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கோயில் வாசலில் யாராவது பேத்தி என்ன படிக்கிறாள் என்று கேட்டால், கூசாமல் "டாக்டருக்கு" என்றுதான் சொன்னேன்.

பிறகு அந்த ஆவணி. நிலாவில் நம் நாட்டுக் கலம் இறங்கிய வாரம். எனக்குச் சிறுநீர் அடைத்து, வயிறு கல்லாகி, கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குழாய் போட்டதும் போன உயிர் வந்தது. என் பக்கத்துக் கட்டிலில் பெஞ்சமேன் என்ற பெரியவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், இடுப்பு எலும்பு முறிந்து வந்திருந்தார். பிள்ளைகள் பிரான்சில். பட்டாளத்துக்காரர் என்பதால் எல்லாருக்கும் அவர் 'சொல்தா'தான். அந்தப் பக்கம் வைத்திக்குப்பத்துப் பக்கிரி, சர்க்கரைப் புண்ணோடு. அவன் பெண்சாதி கொளஞ்சி அவனுக்குத் துணை இருந்தாள். எதிர்க்கட்டிலில் வாதம் வந்து பேச்சு நின்றுபோன ஒருவர். ரெண்டு நாளில் நாங்கள் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டோம். அவர்களிடமும் நான் அதே கதையை அளந்தேன். என் பேத்தி டாக்டருக்குப் படிக்கிறாள், இங்கேயே ஒருநாள் வருவாள் என்று.

மூன்றாம் நாள் காலையில் நீ வந்தாய். ஊதா உடுப்பில் ஏழெட்டுப் பெண்கள், கூட ஒரு மேடம். உங்கள் வகுப்புக்கு அன்று முதல் எங்கள் வார்டில் பயிற்சி என்பது எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்ததும் சிரித்தாய். வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்று கண்ணாலேயே சொன்னாய். முதலில் எதிர்க்கட்டில்காரரிடம் போனாய். மறைப்பை இழுத்துவிட்டு, அவருக்குப் பெட்பேன் வைத்து, துடைத்து, முதுகுக்குப் பவுடர் போட்டாய். பெட்பேனைத் துணியால் மூடி ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் கட்டிலைத் தாண்டிப் போனாய். அந்த நேரம் பார்த்து சொல்தா கேட்டார்: "என்னா பாவாடை, அந்தப் பொண்ணு உன் ஜாடையா இருக்குதே, உனக்கு எதனா சொந்தமா?"

நான் சொன்னேன்: "எனக்கும் அதுக்கும் ஒண்ணுமில்ல. ஜாடை ஊருல ஆயிரம் பேருக்கு இருக்கும்."

நீ நிற்கவில்லை. நேரே கழிவறைப் பக்கம் போனாய். திரும்பி வர நேரமானது. கேட்டிருக்காது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வந்தாய், பேனாவும் அட்டையுமாக என் கட்டிலோரம் நின்றாய். எல்லா நோயாளியையும் கேட்பது போலவே கேட்டாய்.

"ஐயா, உங்க பேரு சொல்லுங்க."

"பாவாடை."

"உங்களோட கூட யாரு இருக்காங்க?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீ எனக்கு இன்னொரு தரம் வழி விட்டாய் என்பது பிறகுதான் புரிந்தது. சொல்தா பார்த்துக்கொண்டிருந்தார். நான் "கூட யாரும் இல்ல" என்றேன்.

நீ அதை எழுதிக்கொண்டாய். வெந்நீர்ப் பேசின் கொண்டுவந்து என் உடம்பைத் துடைத்தாய். கை, மார்பு, கால் விரல் இடுக்கு எல்லாம். குழாய் இழுபடாமல் தொடையில் பிளாஸ்திரி போட்டாய். வலிக்குதா ஐயா என்று மட்டும் கேட்டாய். அன்றிலிருந்து இன்றுவரை, வீட்டிலும் நான் உனக்கு ஐயாதான், நீங்கதான். பிள்ளைக்கு இப்போதுதான் மரியாதை வந்திருக்கிறது என்று உன் அப்பா சந்தோஷப்பட்டான். அவனுக்கு நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்கிறேன். இதை மன்னிப்புக்காகச் சொல்லவில்லை.

என் தாய் பேர் சின்னப்பாப்பா. அவள் வீட்டோடு இருந்தவள் என்றுதான் நம் குடும்பத்தில் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். அது பொய். பிரெஞ்சுக்காரன் இருந்த காலத்திலும், அவன் போன பிறகும், டவுனில் பழைய பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் சட்டியை எடுத்துக் கழுவியவள். சாயங்காலம் வரும்போது புடவையில் பினாயில் வாசனை வரும். நான் பள்ளிக்கூடம் போன ஐந்தாம் மாதம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் தன் பலகையை நகர்த்திக்கொண்டான். அவங்கம்மா என்னத்தத் தூக்குறவ தெரியுமா என்று அவன் சொன்னதும் வகுப்பே மூக்கைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் வயிற்றுவலி என்றேன். அதற்குப் பிறகு போகவேயில்லை. என் படிப்பு அவ்வளவுதான்.

நான் மில்லில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் மத்தியானம் அவளே சோற்றுத் தூக்கோடு மில் வாசலுக்கு வந்துவிட்டாள். கூட இருந்தவர்கள் யாரென்று கேட்டார்கள். மில்லுக்குச் சோறு சுமந்து வருகிற கூடைக்காரிகள் அப்போது நிறையப் பேர். "சோத்துக்கூடைக்காரி" என்றேன். அவள் காதில் விழுந்தது. தூக்கைக் கையில் கொடுத்துவிட்டு, "பாத்திரத்த சாயங்காலம் வாங்கிக்கிறேன் தம்பி" என்று சொன்னாள். வேறு யார் பிள்ளையிடமோ சொல்வது போல. மறுநாளிலிருந்து நிஜமாகவே ஒரு கூடைக்காரியிடம் கொடுத்தனுப்பினாள். அவள் சாகும்வரை அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அவளுக்கு ஒரு தரம், உனக்கு ரெண்டு தரம் செய்துவிட்டேன்.

இந்த வருஷம் நீ படிப்பை முடித்தாய். பட்டம் வாங்க அப்பாவையும் அம்மாவையும் அழைத்துப் போனாய். ஐயாவுக்கு அவ்வளவு நேரம் உட்கார முடியாது என்று நீயே சொல்லிவிட்டாய். சரி என்றேன். அன்று வீட்டில் தனியாக உட்கார்ந்து யோசித்தேன். அந்த வார்டில் யார் யார் என் பொய்யைக் கேட்டார்களோ அவர்கள் எல்லாரிடமும் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அதற்குப் பிறகுதான் உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நான் கிளம்புவதற்குள் நீ வேலை கிடைத்து ரயில் ஏறிவிட்டாய்.

போன வாரம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கின. கொளஞ்சி இருப்பாள் என்று வைத்திக்குப்பத்துக்கு ஆட்டோவில் போனேன். கரையில் மீன் கூறு போட்டுக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "என்னா பெரியவரே, டியூப்பு இல்லாமலே நடக்கிறியே" என்று கேலி செய்தாள். வாங்க வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னேன், அந்த ஊதா உடுப்புப் பெண் என் மகனுடைய மகள் என்று.

அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "அத யாரு நம்புனா? அன்னிக்கு சாயங்காலமே, நீ தூங்கறப்ப, உன் புள்ள வந்து, நர்சுக்குப் படிக்கிற எங்க செல்வி வந்து பாத்துச்சான்னு எங்களக் கேட்டாரு. எங்களுக்கு அப்பவே தெரியும். கெழவனுக்கு வெக்கம், யாரும் வாயத் தொறக்காதீங்கன்னு சொல்தாதான் சொல்லி வச்சாரு" என்றாள். ஒரு மீனுக்குச் செதில் எடுத்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "அந்தப் பொண்ணு பாத்ரூமுல குழாயத் தொறந்துவுட்டுட்டு நின்னுச்சு. மூஞ்சக் கழுவிக்கினு வந்துதான் உன் காலத் தொடச்சுது. தெனம் போறப்ப என்கிட்ட, ஐயா சாப்ட்டாரா அக்கான்னு கேட்டுட்டுத்தான் போவும்."

நான் ஊரை ஏமாற்றிவிட்டேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தரும் ஏமாறவில்லை. அந்தப் பொய் போய்ப் பட்டது உன் ஒருத்தி மேல்தான். வீடு வந்து சேரும்வரை ஆட்டோக்காரர் ஏதேதோ பேசினார். என் காதில் விழவில்லை.

இப்போது தெருவில் சொல்லிவிட்டேன், டாக்டர் இல்லை, நர்சு என்று. அது பெரிய காரியம் இல்லை, தெரியும். நீ தில்லியில் யாருக்கோ முதுகு துடைக்கும்போது என் நினைவு வந்தால் கை நிற்கக் கூடாது, அவ்வளவுதான் நான் கும்பிடும் சாமியிடம் கேட்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. நைட் டியூட்டி முடிந்து தனியாக வராதே. உன் கைபட்டவர்கள் எழுந்து நடக்கட்டும், நீ நூறு வருஷம் இரு. பொங்கலுக்கு லீவு கிடைத்தால் வா. ஐயா என்றே கூப்பிடு, ஏன் என்று நான் கேட்கமாட்டேன். வந்தால் போதும்.

அன்று நான் சொன்னதைக் காதால் கேட்டவர்கள் ஐந்து பேர். எதிர்க்கட்டில்காரர் அந்த மாதமே போய்விட்டார், ஹரிகிருஷ்ணன் என்று பேராம், கொளஞ்சி சொல்லித்தான் தெரியும். சொல்தா பெஞ்சமேன் போன வருஷம் உப்பளம் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தார். பக்கிரி ஐப்பசி மழையில் போனான். கொளஞ்சியிடம் சொல்லிவிட்டேன். உயிரோடு இருப்பவர்களில் நான் நேரில் சொல்ல வேண்டியது இன்னும் ஒருத்திக்குத்தான் பாக்கி. சின்னப்பாப்பாவின் கொள்ளுப்பேத்தி, என் பேத்தி, செந்தமிழ்ச்செல்வி.