காப்பு கட்டிய பிறகு எல்லை தாண்டியவளுக்கு

அன்பு மகள் நிஷாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்க நைனாவும் இரண்டு மாடும் புதுக் கன்றுக்குட்டியும் நலமாக இருக்கிறோம். நீ நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் நீ வெள்ளிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டாய் என்று உன் பெரியப்பா வேதகிரி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போவதைக் கேட்ட பிறகு எனக்கு நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை. முதலில் அந்த டிக்கெட்டை கேன்சல் பண்ணு. பண்ணிவிட்டு வந்து மீதியைப் படி.

ஃபோனில் பேசாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஃபோனில் நீ அழுகிறாய், நீ அழுதால் நானும் அழுகிறேன், சொல்ல வந்தது நின்றுபோகிறது. அதனால்தான் பேப்பரும் பேனாவும். எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டு எல்லம்மாள் மருமகளை விட்டுப் படம் பிடித்து உன் ஃபோனுக்கு அனுப்பச் சொல்கிறேன், பேப்பர் பருப்புப் பொடியோடும் மோர்மிளகாயோடும் பார்சலில் பின்னால் வரும். நான் அவமானத்தில் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறேன், உங்க நைனாவுக்கு நெஞ்சு வலி என்று உன் பெரியப்பா உனக்கு ஃபோன் பண்ணிச் சொன்னாராமே. நேற்று மாங்காய் போட்ட கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன், இரண்டாவது தடவையும் போட்டுச் சாப்பிட்டேன். காப்பு கட்டியிருக்கிறதால் மீன் இல்லை, அது ஒன்றுதான் எனக்குக் குறை. உங்க நைனாவுக்கு நெஞ்சிலே ஒன்றும் இல்லை, அண்ணனை எதிர்த்துப் பேச வாய்தான் இல்லாமல் இருந்தது. அதுவும் இப்போது வந்திருக்கிறது, கீழே சொல்கிறேன்.

நம்ம பொன்னியம்மனுக்குக் காப்பு கட்டிவிட்டால் கூழ் வார்த்து அவிழ்க்கிற வரைக்கும் ஊர்க்காரர் யாரும் வெளியூரில் தங்கக் கூடாது என்பது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். தெரிந்துதான் உன்னைக் கொல்கத்தாவுக்கு அனுப்பினேன். காப்பு எப்போதும் வைகாசி பாதியில்தானே, அதற்கு முன்னால் நீ போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு டிக்கெட் எடுத்தோம். ஊர்த் தலைவர் வீட்டுக் கல்யாணம் குறுக்கே வருகிறதென்று திருவிழாவையே முன்னால் இழுத்துவிட்டார்கள். ஒரு வீட்டுப் பந்தலுக்காக அம்மனின் நாளையே நகர்த்தலாம், ஒரு பெண்ணின் படிப்புக்காக ஒரு சூட்கேஸை நகர்த்தக் கூடாதாம். அன்றைக்கு உங்க நைனா, வரப்பு வழியா வண்டியில கூட்டிக்கினு பூடலாம், யாரும் பாக்க மாட்டாங்க என்றார். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. பின்பக்கமாகப் போனால் அது திருட்டுத்தனம். பட்டப்பகலில், கோயில் வாசல் வழியாக, நீ ஒரு பையும் நான் ஒரு பையுமாகப் போனோம். நீ தலையைக் குனிந்துகொண்டாய், உன் கையைக் கிள்ளினேன் நினைவிருக்கிறதா. அந்தக் கிள்ளலுக்கு இந்த ஊர் இன்றைக்கு வரை என்னைத் திட்டுகிறது.

நீ போன மூன்றாம் நாள் காற்றும் மழையும் அடித்துக் கோயில் பந்தல் சாய்ந்தது, மைக் செட்டும் போயிற்று. கோடை மழை, வருஷா வருஷம் வருகிறதுதான். ஆனால் இந்த வருஷம் அதற்கு உன் பெயர் வைத்துவிட்டார்கள். மரத்தடியில் கூட்டம் போட்டார்கள். உன் பெரியப்பா எழுந்து, பொண்ணு எல்லையத் தாண்டிட்டா, அம்மா கோவத்துல கீறா, அவ வந்து மஞ்சத்தண்ணி ஊத்திக்கினு கோயில்ல வுழுந்து கும்புட்டாத்தான் எங்க வூட்டுக் கூழ்ப்பானைய கோயில்ல வாங்கணும் என்று அவரே சொல்கிறார். முதல் கூழ்ப்பானை நம் வீட்டுப் பானை, அந்த மரியாதை கைவிட்டுப் போய்விடுமோ என்று அவருக்குப் பயம். நான் ஓரமாக நின்றவள் நடுவில் வந்தேன். திருமுக்கூடல்லயும்தான் அன்னிக்குப் பந்தல் பறந்துச்சு, அங்க யார் வூட்டுப் பொண்ணு ரயில் ஏறுனா என்று கேட்டேன். சிரித்தார்கள். அதோடு விடவில்லை. உங்க பையன் கோபாலு ஒரகடம் கம்பெனி ரூம்லயே வாரம் பூரா படுத்துக்கினு கீறானே, அவனுக்கு எல்லை இல்லியா மாமா என்று உன் பெரியப்பாவையே கேட்டேன். அவன் ஆம்பளப் புள்ள, பொழப்புக்குப் போறான் என்றார். எம்பொண்ணும் பொழப்புக்குத்தான் போயிருக்கா என்றேன். அந்தக் காலத்திலேயே ஓலை போட்டு ஆள் எடுத்த ஊர் என்று உத்திரமேரூர் கல்வெட்டைப் பார்க்க பஸ் பஸ்ஸாக வருகிறார்கள், பக்கத்திலேயே இருக்கிற நம்ம ஊர் மரத்தடியில் ஒரு பொம்பளை வாயைத் திறந்தால் பேஜார் பண்றா என்கிறார்கள். பண்ணத்தான் செய்வேன்.

இப்போது உன்னிடம் வருகிறேன். பெரியப்பா ஃபோன் பண்ணினார் என்பதற்காக மட்டும் நீ டிக்கெட் போடவில்லை என்று எனக்குத் தெரியாதா. கொல்கத்தா உனக்குப் பிடிக்கவில்லை. கடுகெண்ணெய் வாசனை குமட்டுகிறது, பருப்பில் சர்க்கரை போடுகிறார்கள், ரூமில் இருக்கிற பெண்கள் அவர்கள் பாஷையில் சிரிக்கும்போது உன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றுகிறது, லேபில் பாட்டில் கழுவத்தான் விடுகிறார்கள். கிளம்புவதற்கு ஒரு சாக்கு தேடிக்கொண்டிருந்தாய், பெரியப்பா கொடுத்துவிட்டார். சரியா தப்பா சொல். அவ்வளவு தூரம் போய் ரூமுக்கும் லேபுக்கும் நடுவே நடந்து, பிஸ்கட் தின்று, ஃபோனில் நம்ம ஊர் ஆட்கள் போடுகிற படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எந்த ஊரும் அப்படித்தான் இருக்கும். நம்ம ஏரி பச்சையாகி மீன் எல்லாம் செத்து மிதந்த வருஷம், ஏன் ஏன் என்று வாத்தியாரிலிருந்து ஏரிக் காவல்காரர் வரைக்கும் கேட்டு உயிரை எடுத்தவள் நீ. அந்தக் கேள்வியை எழுதித்தானே இந்த லேபில் இடம் வாங்கினாய். அந்த ஊரில் சாக்கடைத் தண்ணியிலேயே மீன் வளர்க்கிறார்கள், அந்த மீன் சாவதில்லை என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னாயே, அந்தக் குளத்தை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்தாயா. பார்க்காமல் எப்படி வருவாய்.

நாளைக்குக் காலையில் உன் மேடத்திடம் போய், குளத்துக்குப் போகும்போது என்னையும் கூட்டிப்போங்கள், பாட்டிலை நான் தூக்குகிறேன் என்று கேள். மாட்டேன் என்றால் மறுநாளும் கேள். கேட்டு வாங்கினால் குறைந்துபோக மாட்டாய். ரூம் பெண்களில் ஒருத்தியிடமாவது நம்ம பருப்புப் பொடியில் ஒரு கை கொடு, அவள் சமைக்கிற மீனில் ஒரு வாய் சாப்பிடு, கடுகெண்ணெய் ஒன்றும் விஷம் இல்லை. அவர்கள் பேச்சில் விலை கேட்க, வழி கேட்க, தண்ணி கேட்க, வேண்டாம் என்று சொல்ல, நாலு வார்த்தை பழகிக்கொள். அதில் வேண்டாம் என்பதைச் சத்தமாகச் சொல்லிப் பழகு. லீவு நாளில் அந்த டிராமில் ஏறிக் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வா, யாராவது ஒருத்தியிடம் சொல்லிவிட்டுப் போ, தனியாகப் போகிறேன் என்று வீரம் பேசாதே. வெயிலில் தொப்பி போடு, உனக்கு அசிங்கமாக இருந்தாலும் போடு. மீன் மார்க்கெட்டுக்குப் போய் எனக்குப் படம் அனுப்பு, அந்த ஊர் விரால் நம்ம ஏரி விராலைவிடப் பெரியதா என்று உங்க நைனா தினம் கேட்கிறார்.

நீ இல்லாமல் வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் பால் கறந்துவிட்டு உள்ளே வந்தால் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை, கன்றுக்குட்டியைத் திட்டுகிறேன். நீ அழும்போது வந்துடுடி என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. ஆனாலும் வராதே. பம்பைக்காரர் வருஷா வருஷம் என்ன பாடுகிறார், கேட்டுத்தானே வளர்ந்தாய். பொன்னியம்மன் இந்த ஊர்க்காரியா? எங்கேயோ ஒரு ஊரிலிருந்து வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வந்து நம்ம ஏரிக்கரையில் ஒதுங்கினவள். அவளுக்கும் இது தெரியாத ஊர்தான், யாரும் வா என்று கூப்பிடவில்லை, ஒரு வாய் கூழ்கூட ஊற்றவில்லை. அவள் அழுதுகொண்டு திரும்பிப் போனாளா? உட்கார்ந்தாள். இன்றைக்கு அவளைக் கேட்காமல் இந்த ஊரில் விதை விழாது. கூட்டத்தில் இதையும் சொன்னேன். எல்லை தாண்டி வந்தவளையே சாமியா கும்புட்டுக்கினு, எல்லை தாண்டிப் போனவள இன்னா கேக்குறீங்க என்றேன். உன் கனகா அத்தை, எப்போதும் அண்ணன் பக்கமே பேசுகிறவள், அண்ணி சொல்றது நாயந்தானே என்று வாய்விட்டுச் சொன்னாள். பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். பானையை வாங்குவார்களா மாட்டார்களா என்று இன்னும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

வாங்குகிறார்களோ இல்லையோ, ஞாயிற்றுக்கிழமை பானையை நான் தூக்குகிறேன். நேற்று மத்தியானம் உங்க நைனா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கேழ்வரகை மிஷினுக்குக் கொண்டுபோய் அரைத்து வந்து வைத்தார். எதுக்கு இவ்ளோ மாவு என்று கேட்டேன். எங்கண்ணன் எப்டியும் வாங்க வுட மாட்டாரு, பஸ்டாப்புல ஊத்துறதுன்னா நம்ம தெருவுக்கு மட்டும் போட்டா பத்தாது என்றார். நான் மனசுக்குள் வைத்திருந்ததை அவர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார், கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. அதனால் கேட்டுக்கொள். கோயிலில் வாங்கினால் அண்டாவில் ஊற்றுவேன். வாங்காவிட்டால் தலையில் இருக்கிற பானையை இறக்காமல் அதே தெரு வழியாக நடந்து, எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம், நீ பஸ் ஏறின நிழற்குடையில் இறக்கிவைத்து, எந்த ஊர், எந்தத் தெரு, யார் என்று கேட்காமல் வருகிற போகிற எல்லாருக்கும் ஊற்றுவேன்.

ஊற்றும்போது யாராவது கேட்பார்கள், எங்க உம்பொண்ணு என்று. கேட்க வேண்டும் என்றுதான் அங்கே நிற்கப் போகிறேன். அவ குளத்தாண்ட வேலையா கீறா என்று சொல்லப் போகிறேன். அந்த நேரத்தில் நீ ரயிலிலிருந்து இறங்கி ஈரத் தலையோடு கோயிலில் விழுந்து கிடந்தால் நான் பானை தூக்கினது எதற்கு. என் வாயால் சொல்லப் போகிற அந்த ஒரு பதிலைப் பொய்யாக்கிவிடாதே.

அம்மன் உனக்குத் துணை இருப்பாள், ஊர் விட்டு ஊர் போனவளின் கஷ்டம் அவளைவிட யாருக்குத் தெரியும். வயிறு நிறையச் சாப்பிட்டு, நிமிர்ந்து நடந்து, நல்லா இரு. டிக்கெட்டை கேன்சல் பண்ணினதும் எனக்கு ஒரு மெசேஜ் போடு, காசு போனால் போகட்டும்.

இப்படிக்கு,
எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் கூழோடு நிற்கப் போகிற
உன் அம்மா,
கல்பனா வரதன்