வாசலில் கேட்கிற கேள்வி

கோணாங்குப்பத்து மாதா துணை
விருத்தாசலம், 2.12.2025

எதிர்வீட்டு அமலோற்பவத்துக்கு,

உன்னோடு பேச மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். எழுத மாட்டேன் என்று செய்யவில்லை. அதனால் பால்காரி கனகாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

திருவருகைக் காலத்தில் மாதா, சூசையப்பர் சுரூபம் வீடு வீடாகத் தங்க வருகிறதே, மூன்றாம் ஞாயிறு என் வீட்டு முறை என்று கோயிலில் வாசித்தார்கள். அதற்கு முந்தின நாள் உன் வீடு. அங்கிருந்து நீதான் தூக்கி வரவேண்டும். வாசலில் நின்று, “எங்களுக்குத் தங்க இடம் உண்டா?” என்று நீ கேட்க, “உண்டு, உள்ளே வாருங்கள்” என்று நான் வாயால் சொல்லவேண்டும். எப்படிச் சொல்வேன்? என் வீட்டுக்காரர் சவப்பெட்டிமேல் கை வைத்துச் சொன்ன சத்தியம், சாகிறவரைக்கும்.

சுரூபத்தை வேறு யாரிடமாவது கொடுத்தனுப்பு. மகன் திருப்பூரிலிருந்து இந்தக் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கும் வரவில்லையாம். பேத்திக்குப் பரீட்சையாம். மாதாவாவது வந்து தங்கட்டும்.

பெரியநாயகி

*

3.12.2025

அன்புள்ள பெரியநாயகிக்கு, சேசுவுக்குத் தோத்திரம்.

உன் எழுத்தைப் பார்த்ததும் கனகாவை உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தேன். கோழி கிளறின மாதிரி அதே எழுத்து! உடம்பு எப்படி இருக்கிறது? நீ இருமுவது தெருவைத் தாண்டிக் கேட்கிறது. என்னால் வந்து பார்க்க முடிகிறதா?

வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன். முறை என்றால் முறை. பதில் வராத வீட்டில் சுரூபத்தை இறக்கக் கூடாது, தூக்கி வந்தவள் திரும்ப எடுத்துப் போகவேண்டும் என்கிறார் கோயில் உபதேசியார். உன் வீட்டைத் தாண்டிப் போகச் சொல்லட்டுமா?

அப்படி என்னதான் சொல்லிவிட்டேன் உன்னை?

அமலோற்பவம்

*

6.12.2025

அமலோற்பவத்துக்கு,

என்ன சொன்னாயா? சித்திரை மாதம், செவ்வாய்க்கிழமை. மஞ்சள் கரை போட்ட ஊதாப் புடவை கட்டியிருந்தாய். கையில் என் வீட்டு டம்ளர். அவரை நடுவீட்டில் கிடத்தியிருந்தது. கோவிந்தராசு பெண்சாதியின் காதில் சொன்னாய்: “வுடுங்க, பெரியநாயகி இனிமேலாவது நிம்மதியா தூங்குவா.”

சுவரோரம் உட்கார்ந்திருந்த என் காதிலும் விழுந்தது. செராமிக் சூளையில் காலமெல்லாம் வெந்த மனிதர். அவர் செத்தால் எனக்கு நிம்மதியா? அன்றைக்கு வந்த கண்ணீர்கூட நின்றுபோயிற்று. புருஷன் பிணத்துக்கு அழாதவள் என்று ஊர் பேசியது.

என் வீட்டைத் தாண்டிப் போகச் சொல்லாதே. நீ கேள். நான் தலையை ஆட்டுகிறேன். மாதாவுக்குப் புரியும்.

பெரியநாயகி

*

8.12.2025

அன்புள்ள பெரியநாயகிக்கு,

இன்று அமலோற்பவ மாதா திருநாள், என் பெயர்கொண்ட நாள். முன்பெல்லாம் விடியும்முன்னே பணியாரத்தோடு வந்து கதவைத் தட்டுவாய். இன்று கனகாதான் தட்டினாள், பால் ஊற்ற.

அந்த வார்த்தையைச் சொன்னேன்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அவர் குடித்துவிட்டு வரும்போதெல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடிவருவாய்? உதட்டில் ரத்தத்தோடு என் பாயில் உட்கார்ந்தே விடியவைப்பாய். வாங்கின அடியை வெளியில் சொல்லாமல் நீ வைத்திருந்தாய். நானும் வைத்திருந்தேன். அந்த வார்த்தையைச் சொல்ல என்னைவிட்டால் யாருக்கு உரிமை?

பொழுது சாய்ந்தால் எனக்குக் கண் மங்கல். நீ தலையாட்டினால் தெரியாது. வாயைத் திற.

அமலோற்பவம்

*

15.12.2025

அமலோற்பவம்,

நேற்று உன் கண்ணுக்குத் தெரியாததை எழுதுகிறேன். நீ கேட்டதும் நான் தலையாட்டினேன். மறுபடி கேட்டாய். மறுபடி ஆட்டினேன். “பதில் வரலம்மா, திரும்பிடலாம்” என்றார் உபதேசியார். மாதாவை மார்போடு சேர்த்துக்கொண்டு நீ திரும்பினாய். உன் கால் படி ஓரத்தில் வழுக்கியது.

“அடியே! பாத்துடி, படி இருக்குது! உள்ள வந்து தொலையேன் மொதல்ல!”

நான்தான் கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். “அது சரியான பதில் இல்லீங்களே” என்று உபதேசியார் இழுத்தார். “இதுக்கு மேல என்னா பதில் வேணும் உபதேசியாரே? வாங்கி எறக்கி வைங்க” என்றாய் நீ.

நேற்றுக் காலைப் பூசையில் ரோஸ் மெழுகுவர்த்தி ஏற்றி, இன்று மகிழ்ச்சி ஞாயிறு என்று சாமியார் சொன்னபோது, யாருக்கோ என்று உட்கார்ந்திருந்தேன். நீங்கள் போனபிறகு சுரூபத்தின் முன்னால் உட்கார்ந்தேன். திறந்த வாய் மூடவில்லை. மகன் போன் எடுக்காததைச் சொன்னேன். அவர் அடித்ததையும் சொன்னேன்; மாதாவிடம்கூட அதுவரை சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் அழுகை வரும் என்று பார்த்தேன். பாட்டு வந்தது. ராகமும் இல்லை, தாளமும் இல்லை. எனக்கே சிரிப்பு. இந்த வீட்டில் என் குரல் கேட்டு எத்தனை நாளாயிற்று! அது சந்தோஷம்தான் என்று தெரிந்துகொள்ளவே எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அந்த வார்த்தை இருக்கிற இடத்தில் இருக்கிறது. சத்தியத்தை முறித்ததற்கு நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனமும் செய்யவேண்டும். உன்னால்தான்.

இன்று சாயங்காலம் ராயப்பன் வீட்டுக்கு நான் தூக்கிப் போகவேண்டும். பீங்கான் சுரூபம், இந்த இருமலோடு என் ஒருத்தியால் ஆகாது. ஒரு பக்கம் நீ பிடி.

இதற்குப் பதில் எழுதி அனுப்பாதே. வாசலில் நின்று கூப்பிடு.

பெரியநாயகி