டர்போவைப் பற்றி நான் வாசிக்காத பக்கம்

மாமா,

இன்று காலை எங்கள் பள்ளிப் பேருந்துக்கு முன்னால் ஒரு லாரி நீலப் புகை விட்டுக்கொண்டு மலை ஏறியது. கருகிய எண்ணெய் வாசனை. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் பொத்தவில்லை.

பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாமல் போய், எஸ்டேட்டில் ஆம்புலன்ஸை நிறுத்திய வருடம் நினைவுக்கு வந்தது. காய்ச்சலோ பிரசவமோ, குன்னூர் ஆஸ்பத்திரிக்கு உங்கள் பழைய வாடகைக் கார்தான். கோயில் வளைவில் அது திணறும். நோயாளியைத் தவிர எல்லோரும் இறங்கி நடப்பார்கள். டாக்ஸி ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள், "ஏனுங்க, இன்னைக்கு எத்தன பேரு தள்ளோணுமுங்க?" என்பார்கள். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வீர்கள்.

அதனால்தான் டர்போ. உக்கடத்துப் பழைய சாமான் கடையிலிருந்து, இரும்பு நத்தை போன்ற அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். எஞ்சின் கக்கும் புகையில் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்து, ஏற்றத்தில் இழுவையைக் கூட்டுவது. அதைப் பொருத்தும் விதம் எங்கள் பள்ளி நூலகத்தின் ஆங்கிலப் புத்தகம் ஒன்றில் இருந்தது. நான் தமிழில் சொல்லச் சொல்ல, நீங்களும் மெக்கானிக்கும் செய்தீர்கள்.

கடைசிப் பக்கங்கள் மிச்சமிருந்த அன்று, ஸ்டாண்டில் எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள்: "என்னதான் படிச்சாலும் இவ கொழுந்து பறிக்கத்தான் போறா. இப்ப அதுக்கும் ஆளு வேண்டாங்கறாங்க." எல்லோரும் சிரித்தார்கள். முதல் முறையாக உங்களைப் பார்த்து அல்ல.

அன்று சாயங்காலம், "இன்னும் ஏதாச்சும் இருக்குதா புள்ள?" என்று கேட்டீர்கள்.

"அவ்வளவுதானுங்க மாமா" என்றேன். பக்கத்தின் ஓரத்தை மடித்தேன்.

அதில் இருந்தது இதுதான்: ஏற்றம் ஏறிய உடனே எஞ்சினை அணைக்கக் கூடாது. இரண்டு நிமிடமாவது ஓடவிட வேண்டும். இல்லையென்றால் சூட்டில் எண்ணெய் கருகி டர்போ இறுகிப்போகும். அந்த வருடம் பெட்ரோலை மிச்சம்பிடிக்க, நம் டிரைவர்கள் எல்லோரும் மேட்டு உச்சியில் எஞ்சினை அணைத்துக் குன்னூர் வரை உருட்டிக்கொண்டே இறங்குவார்கள். நீங்களும்தான். எனக்குத் தெரியும்.

மூன்று மாதம் கார் பறந்தது. கோயில் வளைவில் யாரும் இறங்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும், அடுத்த ஞாயிறு சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு நீலப் புகை வந்தது. "புதுசுல அப்படித்தான்" என்றீர்கள்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் வாசலில் உட்கார்ந்த காலையில், எங்கள் லயத்து வீடுகளில் வேறு வண்டி இல்லை. டிராக்டர் ஓட்டும் செல்வம் அண்ணன் உங்கள் காரை எடுத்தார். கோயில் வளைவில், எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கும்போதே, அது புகையைக் கக்கி ஏறாமல் நின்றது. முன்பு ஆள் இறங்கினாலாவது ஏறும். இப்போது அதுவும் இல்லை. அத்தையும் நானும் தள்ளினோம். கொழுந்துக் கூடைகளை இறக்கிவிட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள்.

நீங்கள் சன்னல் வழியே, "நானும் எறங்கட்டுமா புள்ள? பாரம் கொறையுமே" என்றீர்கள்.

"வேண்டாங்க மாமா."

உச்சிக்கு வந்ததும் செல்வம் அண்ணன் உங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எஞ்சினை அணைத்தார். அதற்குமேல் அவசரம் இல்லை.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்கு முன் மடித்த ஓரத்தை நிமிர்த்தி, அகராதிக்கு அடியில் ஒரு வாரம் வைத்திருந்தேன். கோடு போகவில்லை. அத்தை இப்போதும் கேட்கிறார்: "புஸ்தகத்துல இருந்ததெல்லாம் நீ சொன்னயில்ல கண்ணு? உங்க மாமன்தான் எங்கயோ தப்புப் பண்ணிட்டாரு, இல்ல?"

"ஆமாங்க அத்தை" என்கிறேன்.