சுவரோரக் கட்டில்

செவ்வாய், ஜூலை 8, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். கோணல் எழுத்துக்குத் திட்டாதே. விடுதிச் சாப்பாடு இப்போதாவது தேவலையா?

என் கழுத்து நான்கு மாதமாகத் திரும்பவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. புத்தகப்பை கனம்தான் காரணம் என்று அப்பா சக்கரம் வைத்த பை வாங்கித் தந்தார். அதை இழுத்துக்கொண்டு போனால் தெருமுனைத் தையல்காரர் தினமும், "எந்த ஊருக்குப் பயணம்?" என்கிறார்.

பிசியோதெரபி டாக்டர் மட்டும் தொட்டுப் பார்த்து, தசை கயிறு மாதிரி முறுக்கிக் கிடக்கிறது, மனக்கவலையிலும் இப்படிப் பிடிக்கும், ஏதாவது பயமா என்று கேட்டார். பக்கத்தில் அம்மா இருந்தாள். பரீட்சை பயம் என்று சொல்லிவிட்டேன்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மறுபடி சண்டை. ஒருநாள் சுவர் வழியே அம்மாவின் குரல் கேட்டது: "ஒருநாள் இல்ல ஒருநாள் சொல்லாமக் கொள்ளாமப் போயிடறேன் பாருங்க." அதிலிருந்து சுவரில் காதை வைத்தே படுக்கிறேன். கதவுச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்த் தடுக்கலாமே. தூங்கிவிட்டால் என்ன செய்வேன்?

யாரிடமும் சொல்லாதே. பதிலை என் தோழி வீட்டுக்குப் போடு.

உன் வாண்டு

திங்கள், ஜூலை 14

என் வாண்டுக்கு,

சாப்பாடு அப்படியேதான் இருக்கிறது. நான்தான் பழகிவிட்டேன்.

அந்தக் கட்டில் உனக்கு முன்பு யாருடையது? நானும் ஆறு வருடம் அதே சுவரில் காது வைத்துத்தான் படுத்தேன். எனக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. அம்மா அப்போதும் அதையேதான் சொல்வாள். இங்கே வந்த இரண்டாம் மாதம்தான் என் தோள் இளகியது. கட்டிலை உனக்குக் கொடுத்துவிட்டு, விஷயத்தைச் சொல்லாமல் வந்துவிட்டேன். தப்பு என்னுடையது.

காவல் இருப்பது உன் வேலை இல்லை, கண்ணு. இன்று அம்மாவுக்குப் போன் செய்யப்போகிறேன். கோபித்துக்கொள், ஆனால் கடிதம் எழுது.

உன் அக்கா

சனி, ஜூலை 19, காலை

அக்காவுக்கு,

உன்மேல் இரண்டு நாள் கோபமாக இருந்தேன்.

உன் கடிதம் தோழி வீட்டுக்கு வருவதற்கு முன்பே என் கட்டில் ஜன்னலோரம் போய்விட்டது. அப்பா ஒரு முனை, அம்மா ஒரு முனை தூக்கினார்கள். எந்தப் பக்கம் திருப்புவது என்று அதற்கும் ஒரு சண்டை. பிறகு அப்பா என் பழைய பையைப் பரணிலிருந்து இறக்கி வைத்தார்.

அன்று இரவு அம்மா வெந்நீர்ப் பை வைத்து நெடுநேரம் கழுத்தைத் தேய்த்துவிட்டாள். விளக்கை அணைக்கும்போதுதான் சொன்னாள்: "போறதா இருந்தா உன்னை எழுப்பிச் சொல்லிட்டுத்தான் போவேன். நீ தூங்கு."

போகவே மாட்டேன் என்று சொல்லவில்லை, அக்கா. அதனால்தான் நம்பினேன்.

வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் இன்று படுத்தபடியே கழுத்தைத் திருப்பிக் கடிகாரம் பார்த்தேன். மணி ஒன்பதேகால். என்னை யாரும் எழுப்பவில்லை.

உன் வாண்டு