வெள்ளிக்கிழமை மீனும் என் வயிறும்

1942 பங்குனி (மார்ச்) 30, திங்கள்

விடியவே புழுக்கம். இவர் துறைமுக வேலைக்கு ரயிலேறப் போனதும் வயிற்றில் முறுக்கு. திரும்பத் திரும்பக் கக்கூசு. நேற்று ஞாயிறு, ஒன்றும் இல்லை. போன ஞாயிறும் இல்லை. பெரியக்கா வயிற்றுக் கட்டியில் போனவள். அவளுக்கும் இப்படித்தான் தொடங்கியதாம். இவருக்குச் சொல்லவில்லை.

விட்ட சாப்பாடு: பால், பருப்பு, கத்தரிக்காய், மிளகாய்த் தூள்.

சித்திரை (ஏப்ரல்) 1, புதன்

சைரன் ஒத்திகை. பின்வளவுப் பதுங்குகுழியில் அயல் முழுக்க நெருக்கிக்கொண்டு. குண்டைவிட எனக்கு என் வயிறுதான் பயம். அங்கே வைத்துப் போய்விட்டால்? பக்கத்து வீட்டுப் பிலோமினா அக்கா கையைப் பிடித்தா.

"ஏன் பிள்ளை இப்பிடி வேர்க்குது?"

"புழுக்கமக்கா."

படுத்திருந்து யோசித்தேன். ஞாயிறு மட்டும்தான் மீன். மற்ற நாள் மரக்கறி. அப்போ மீன்தான் ஒத்துக்கொள்கிறதோ?

சித்திரை 3, வெள்ளி

பெரிய வெள்ளி. துறைமுகத்துக்கு லீவு இல்லை. பிலோமினா அக்கா வீட்டில் இன்று இறைச்சி ஆகாது, அதனால் மீன் குழம்பு. ஒரு கோப்பை கேட்டு வாங்கினேன். அவவுக்கு அது விரதம், எனக்குப் பாவம். வெள்ளியில் மீன் மச்சம் தொட்டதே இல்லை. சுவாமிப் படத்துக்கு முதுகைக் காட்டி இருந்து சாப்பிட்டேன். முருகா, பொறுத்துக்கொள்.

பின்னேரம் இவர் வரப் பிந்தியது. முறுக்குத் தொடங்கிவிட்டது. மீனும் சரிவரவில்லை. அப்போ கட்டிதான்.

சித்திரை 4, சனி

காலி வீதி டொக்டரிடம் போய் மீன் கதையும் சொன்னேன். வயிற்றை அமத்திப் பார்த்தார்.

"கட்டி ஒண்டும் இல்லை பிள்ளை. ஞாயிறு சுகமெண்டீர். அண்டைக்கு வீட்டிலை ஆர்?"

"இவர் நிப்பார்."

"மற்ற நாள்?"

"துறைமுகம். கப்பல் சாமான் பதியிற வேலை."

"பிறகென்ன? மீனிலை ஒண்டுமில்லை. நீர் பயப்பிட வயிறும் பயப்பிடுது. மூளைக்கும் குடலுக்கும் நரம்புத் தொடர்பு இருக்கு."

நம்பவில்லை. நம்ப ஆசை. இவருக்கு எல்லாம் சொன்னேன். சிரித்தார். "பயப்பிட என்னப்பா கிடக்கு? ஜப்பான்காரன் இஞ்சை வரமாட்டான்."

சித்திரை 5, ஞாயிறு

ஆளனுப்பி இவரைக் காலையிலேயே வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் சைரன். ஒத்திகை இல்லை. விமானங்கள். துறைமுகப் பக்கம் புகை. குழிக்குள் பிலோமினா அக்கா ஈஸ்டர் பூசைக்கு உடுத்த சேலையோடு, கையில் செபமாலை. நான் முருகா முருகா. அடக்க முடியவில்லை. சேலையோடு போய்விட்டது. ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பொழுதுபடத்தான் இவர் வந்தார். முகமெல்லாம் கரி. உயிரோடு. சோறு போட்டேன். ஒரு வாய் வைத்துவிட்டு எழும்பிக் கக்கூசுக்கு ஓடினார். வந்து சுவரில் சாய்ந்தார்.

"எனக்கும் கொஞ்ச நாளா இதுதானப்பா. ஒவ்வொரு நாளும், வேலைக்கு வெளிக்கிடேக்கை."

கையைப் பிடித்தேன். குளிர்ந்து கிடந்தது. இந்த மனுசன் சிரிக்கிறதைப் பார்த்துத்தான் நான் இவ்வளவு நாளும் நித்திரை கொண்டேன்.

நாளைக்கும் போகவேணுமாம்.