நூற்றுப் பதினேழாம் மரம்

மரீபா,
மார்ச் 9

அன்பு மகள் லிரியேவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மனசுக்குத்தான் குறை, அதைச் சொல்லவே உட்கார்ந்தேன். பிரிஸ்பேனில் உனக்குச் சளி விட்டதா, நோன்பு திறந்ததும் வயிறாரச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். இங்கே மழை விட்டபாடில்லை.

மேட்டுத் தோட்டத்தில் நீ நட்ட இருநூறு கலப்பின மாங்கன்றுகளின் இலைகளைக் கொண்டுபோய், மரபணுவில் ஓர் அடையாளம் பிடித்து, எது கரும்புள்ளி நோயைத் தாங்கும் எது தாங்காது என்று காய்க்கும் முன்பே பட்டியல் போட்டாய். அது சரிதானா என்று பார்க்க ஒரு மரத்தையும் வெட்டாதீர்கள் அப்பா, பழுக்கவைத்துப் புள்ளியை மட்டும் எண்ணி எழுதுங்கள் என்றாய். ஏழு வருஷம் காத்திருந்து டிசம்பரில் எண்ணினேன். நூற்றுப் பதினேழாம் மரம் தாங்காது என்று போட்டிருந்தாய். இத்தனை ஈரத்திலும் அதன் பழங்கள் பன்னிரண்டு நாள் கொட்டகையில் ஒரு புள்ளி இல்லாமல் கிடந்தன. நான் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்ப்பதைக் கண்டு பக்கத்துத் தோட்டத்து சாண்ட்ரோ ஒரு பழத்தை எடுத்துக் கடித்துக்கொண்டே, என்னப்பா ஃபாதில், பொண்ணு கழிச்சுக் கட்டுன மரம் ஒன்னப் பாத்துச் சிரிக்குதே, இதுக்குத்தானா இத்தன வருஷப் படிப்பு என்றான். எனக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் காலையில் ரம்பத்தை எடுத்துப்போய் அதை வெட்டிவிட்டேன். உனக்கு அனுப்பிய தாளில், காற்றில் விழுந்தது, எண்ணவில்லை என்று எழுதினேன். அது பொய்.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. புள்ள ஒரு பொய்யும் சொல்லல, நீங்கதான் அவளப் பொய்க்காரி ஆக்கிட்டீங்க என்றாள். அடுத்த மாதம் நம் ஊர் மன்றத்தில் நின்று, இந்த அடையாளத்தை நம்பி நாற்றிலேயே கழித்துவிடலாம் என்று நீ சொன்னால் எத்தனை பேர் எத்தனை நல்ல கன்றுகளைப் பிடுங்கி எறிவார்கள் என்று அப்புறம்தான் உறைத்தது. உன் பேரைக் காப்பாற்றுவதாக நினைத்து உன் வேலையையே கெடுத்தேன் மகளே, மன்னித்துக்கொள்.

நேற்று அடிக்கட்டை துளிர்த்திருந்தது, செம்புநிறத்தில் ஆறு கொழுந்து. ஒட்டு மரமாக இருந்தால் வேரிலிருந்து வேறு மாமரம் வந்திருக்கும், இது விதையில் வந்தது, துளிர்ப்பதும் அதே மரம்தான். இரண்டு இலையைத் தாளுக்குள் வைத்து இத்துடன் அனுப்புகிறேன். அன்றைக்கு இலை மாறிப்போனதோ அடையாளமே தப்போ, நீ பார்த்துச் சொல். உண்மையான எண்ணிக்கைத் தாளும் உள்ளே இருக்கிறது.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் கலங்காத மனசும் தரட்டும். வரும்போது குடை கொண்டு வா. கூட்டத்தில் பேசும்போது, நூற்றுப் பதினேழு காற்றில் விழவில்லை, என் அப்பா வெட்டினார் என்று மறக்காமல் சொல். சாண்ட்ரோ முன்வரிசையில் இருப்பான். அவன் பக்கத்தில் நானும் இருப்பேன்.

உன் அப்பா,
ஃபாதில்