பூங்காப் பாதையில் நீட்டிய பாவு

குடியாத்தம்
18.2.1983

அன்பு மகள் பூரணிக்கு, அப்பா எழுதுவது. உன் அம்மா நலம். என் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் குளிருக்கு அடக்கமாக இருந்து சுகப்பட வேண்டும்.

கால் மரத்துப்போகிறது என்று போன மாதம் பாகாயம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சர்க்கரை ஜாஸ்தி, தினமும் நடந்து குறைக்காவிட்டால் பின்னால் காலையே எடுக்க வேண்டி வரும் என்றார் டாக்டர். நான் வருடக்கணக்காக மனு எழுதிக் கேட்ட பாதை அப்போதுதான் திறந்தது. ஏரிப் பூங்காவிலிருந்து ஆற்றங்கரைப் பூங்கா வரை, நடப்பவர், சைக்கிள், மாட்டுவண்டி எல்லோருக்கும் பொது. ஏரிப் பூங்காவில் இருப்பது ஒரு சிமெண்டு ஒட்டகச்சிவிங்கி, மற்றதில் ஒரு பெஞ்சு. கல்வெட்டில் பெயர் மட்டும், நன்கொடை கொடுத்த தறி முதலாளி உன் மாமன் நந்தகோபாலுடையது. உன் கல்யாணப் பந்தியில் எழுந்து நின்று சாம்பாரில் உப்பில்லை என்றவன்தான்.

பாதையை நூல் பிடித்தாற்போல் நேராகப் போட்டதுதான் வினை. நேரான இடத்தைக் கண்டால் இந்த ஊர் நெசவாளிக்குக் கை சும்மா இருக்குமா? மறுநாளே உன் மாமனின் தறிக்காரர்கள் குச்சி நட்டு, பாதையை அடைத்து லுங்கி நெய்வதற்கான நீள நூல்களை, அதுதான் பாவுகளை, நீட்டிக் கஞ்சி தடவ ஆரம்பித்துவிட்டார்கள். சைக்கிள்காரன் சைக்கிளைப் படுக்கவைத்து இழுத்துப் போகிறான். ஒரு மாடு கஞ்சியைக் குடித்துவிட்டு, கொம்பில் நூலோடு பூங்கா பார்க்கப் போனது. நந்தகோபாலிடம் போய்க் கேட்டால், “இன்னா மாமா, குனிஞ்சி போங்களேன், பாவுதான, பாம்பா? இதுக்கெல்லாம் பேஜார் பண்ணாதீங்க” என்கிறான். அவன் பாவுக்கு நான் குனிவதா? ஒரு வாரம் ஒட்டகச்சிவிங்கியின் பக்கத்தில் நின்றுவிட்டுத் திரும்பினேன். மரப்பு கணுக்காலுக்கு ஏறியது, உன் அம்மா அழ ஆரம்பித்தாள். பிறகுதான் கவனித்தேன், அந்தப் பாதையில் குனியாமல் நடப்பவன் கஞ்சிப் பிரஷ் பிடிக்கிறவன் ஒருவனே. பாவின் ஓரமாக, வேறு யாரையும் விடாத இடுக்கிலேயே போகிறான், வருகிறான். அந்த வேலை செய்யும் செங்கல்வராயனுக்குக் காய்ச்சல் வந்த அன்று நான் பேசாமல் பிரஷை எடுத்துக்கொண்டேன். எம்.ஏ. படித்தவன் இன்றுவரை கஞ்சி தடவுகிறேன். அவன் குணமாகி வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, “சார், அந்தாண்ட கஞ்சி கம்மி” என்கிறான்.

நேற்று மறுபடி பாகாயத்தில் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கிவிட்டது, காலுக்குப் பயமில்லை. நான் வீடு வந்து சொல்வதற்குள் நந்தகோபால் கடைத்தெரு முழுக்க, “எங்க மாமா காலை நான்தான் காப்பாத்துனேன்” என்று பரப்பிவிட்டான். கால் தப்பியது, மானம் தப்பவில்லை.

குழந்தைக்கு என் முத்தங்கள். மாப்பிள்ளையைச் சும்மா உட்கார விடாதே, நடக்கச் சொல். முக்கியமாக, உன் மாமனுக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதாதே. எழுதினாலும் போய்ச் சேராது. தபால்காரர் குனிய மனமில்லாமல் பாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவன் வீட்டுக் கடிதங்களை எல்லாம் என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போகிறார்.

உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வராதிருக்க வேண்டிக்கொள்ளும்,
அப்பா சம்பத்